இருட்டாய்த் தெரிந்த இடம்

"இதுல நான் எங்கேம்மா இருக்கறேன்?"

நாச்சிமுத்து இப்படிக் கேட்டதும் டாக்டர் மெர்லின் நிமிர்ந்து பார்த்தார். மேசைக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், அவர் மனைவி பாவாயியின் மூளை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தால் ஆன மூளை. கையை நீட்டினால் கை உள்ளே போய் அந்தப் பக்கம் வந்துவிடும், ஒன்றும் தட்டுப்படாது. அதனாலேயே நாச்சிமுத்துவுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. தொட்டுப் பார்க்க முடியாத சரக்கை அவர் ஆயுசில் நம்பியதில்லை.

திருச்செங்கோட்டுக்காரர். படித்தது நாலாங்கிளாஸ். நாற்பது வருஷம் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பூமியில் ஓட்டை போட்டவர். ஒருதரம் அனந்தப்பூர் பக்கம் ஒரு படித்த ஆள் கம்ப்யூட்டரோடு வந்து, நிலத்துக்கு அடியில் இருப்பதை இதே மாதிரி வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டினான். நீலமாகத் தெரிவதெல்லாம் தண்ணி என்றான். நீலத்தில் எண்ணூறு அடி இறக்கினார்கள். புழுதிதான் பறந்தது. அன்றைக்கு இருமியது இன்னும் நிற்கவில்லை என்று அவர் சொல்வார்.

"நீங்கன்னா எப்படி?" என்றார் டாக்டர்.

"எம் மவ எங்க இருக்கறா? அதச் சொல்லுங்க மொதல்ல."

டாக்டர் விரலை ஆட்டினார். மூளையின் இடது பக்கத்தில் ஒரு பொட்டு மஞ்சளாக எரிந்தது. "குகை மாதிரி மெஷின் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள படுக்க வெச்சு, ஒவ்வொரு படமாக் காட்டி, இது யாரு, இது என்னன்னு மெஷின் கேக்கும். அம்மா ஒரு பேரைச் சொன்னதும், அந்தப் பேர் இருக்கிற இடம் எரியும். இது பூங்கொடின்னு சொன்னப்ப எரிஞ்ச இடம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்கொடி, தன் அம்மாவின் தலைக்குள் தான் ஒரு கடுகளவு மினுங்குவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். இரண்டு வாரம் லீவு போட்டு அம்மாவோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

டாக்டர் ஒவ்வொன்றாக எரியவைத்தார். பக்கத்து வீட்டு சரசா. செத்துப்போன தம்பி. குக்கர். அரிவாள்மணை. செவலைப் பசு.

"மாடெல்லாம் இருக்குது," என்றார் நாச்சிமுத்து. "எம் படத்தக் காட்டலீங்களா?"

டாக்டர் பட்டியலைத் தள்ளிப் பார்த்தார். "காட்டியிருக்கு. நூத்து நாப்பத்தேழாவது படம். பதில் இல்லைன்னு பதிவாகியிருக்கு."

"பதில் இல்லைன்னா?"

"பேர் வரலை. இந்தக் கட்டி வந்தா சில பேரெல்லாம் அழிஞ்சிடும். மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு வகையில நல்லதுதான். பாருங்க, கட்டி இங்க இருக்கு. அதுக்குப் போற வழியில இந்த இடம் மொத்தமும் இருட்டு. எரிஞ்ச இடத்தையெல்லாம் ஒதுக்கிட்டு எரியாத இடம் வழியா உள்ள போறதுதான் எங்க வேலை. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சிடலாம்."

சுண்டைக்காய் அளவில் சிவப்பாக ஒரு உருண்டை. அதற்கு முன்னால் விரலகலத்துக்கு ஒரு இருட்டு. நாச்சிமுத்து அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலி கிறீச்சிட எழுந்து வெளியே போனார்.

"அப்பா!" பூங்கொடி பின்னாலேயே ஓடி வந்தாள். "என்னப்பா இது? சின்னப் புள்ளையாட்டம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு."

"குக்கரு இருக்குது. நான் இல்ல. நாப்பத்திரண்டு வருசம் அம்முணி."

"நோவுல அழிஞ்சு போச்சுன்னு சொல்றாங்கல்ல?"

"மாடு செத்துப் பன்னண்டு வருசமாச்சு. அது அழியல."

அவர் நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். காப்பி வாங்கினார்; குடிக்கவில்லை. லாரித்தரகன் ஒருத்தனுக்குப் போன் போட்டார். அவன் எடுத்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் வைத்துவிட்டார். வருஷத்தில் எட்டு மாசம் வண்டியோடு வெளியூரில் கிடந்தவன் பேர் பொண்டாட்டி தலைக்குள் எங்கிருந்து இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதன்மேல் கோபமும் வந்தது. பாவாயியின் கட்டிலுக்குப் போனார்.

பாவாயி எழுந்து உட்கார்ந்திருந்தாள். நாளைக்காக இடது காதுக்கு மேலே மழித்திருந்தார்கள்.

"வாங்க," என்றாள். "பாதித் தலைக்கு மொட்டை போட்டுட்டாங்க. பழனிக்காரனுக்குப் பாதி பாக்கி."

அவர் சிரிக்கவில்லை. "குகைக்குள்ள எம் படத்தக் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. ரேசன் கார்டுல இருக்கற படம். திருடனாட்டம் முழிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"அப்பறம்?"

"யாரு இதுன்னு கேட்டுது. எங்கூட்டுக்காரருன்னேன். பேரைச் சொல்லு, பேரைச் சொல்லுன்னுது. நான் என்னத்தச் சொல்றது? சிரிப்பு வந்துருச்சு, வாயப் பொத்திக்கிட்டேன். அதுக்குள்ள அடுத்த படம் வந்துருச்சு. சரசா."

நாச்சிமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு இறங்கியது போலிருந்தது. இவள் எந்த நாளில் அவர் பேரைச் சொன்னாள்? கணக்கெடுக்க வந்தவனுக்குச் சரசாவைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தாள். ஓட்டுச் சாவடியில் கேட்டபோது சீட்டை நீட்டினாள். பூங்கொடியைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில் அப்பா பேரைக் கேட்டதற்கு, "உங்கப்பன் பேரு உனக்குத் தெரியாதாடி?" என்று மகளையே அதட்டினாள். மெஷினுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால், இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்த நிமிஷமே உருண்டு போன கல் திரும்பி வந்து உட்கார்ந்தது. அந்த இருட்டு காலி இல்லை. அதுதான் இவர். நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த வழியாகத்தான் கத்தி போகப்போகிறது.

டாக்டர் மெர்லின் முதலில் நம்பவில்லை. நம்பியதும் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றுவிட்டார். "இந்தக் காலத்துல கூடவா சார்?"

"எந்தக் காலமோ எனக்குத் தெரியாதுங்க. எம் பொண்டாட்டி அப்படித்தான்."

"அந்த இடத்துல உங்க பேர் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் தெரியும். நாலு மணிக்கு மெஷின் காலியா இருக்கு. சொல்ல வெக்க முடியுமா?"

"வெக்கறேன்," என்றார் நாச்சிமுத்து.

சொல்லிவிட்டாரே தவிர, அது எண்ணூறு அடி இறக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"மாட்டேனுங்க," என்றாள் பாவாயி. குரலை உயர்த்தவில்லை. அவள் உயர்த்தாமல் சொன்னால் அது முடிந்த பேச்சு.

"ஏம் புள்ள, ஒரே ஒருக்கா."

"ஒரே ஒருக்கா சொன்னதுதான் போதுமே. கல்யாணமாகி மூணாம் நாளு உங்க தங்கச்சிங்கெல்லாம் கதவ மறிச்சுக்கிட்டு, பேரைச் சொன்னாத்தான் வுடுவோம்னாளுங்க. சொன்னேன். அந்த மாசமே பைப்பு சரிஞ்சு உங்க இடுப்புல வுழுந்துச்சு. மூணு மாசம் நான்தான பீ மூத்திரம் அள்ளுனேன்? அன்னைக்கு நெனச்சேன், இனி இந்த வாயில அந்தப் பேரு வராதுன்னு."

"அது சங்கிலி அறுந்து வுழுந்துச்சு புள்ள. துருப்புடிச்ச சங்கிலி."

"சங்கிலிக்கு அன்னைக்குத்தான் அறுவத் தெரிஞ்சுதாக்கும்."

"எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. இனி ஆயுசு எவ்வளவு கொறஞ்சறப் போவுது?"

"இருக்கறதுல எதுக்குக் கொறைக்கோணும்?"

"நாளைக்குக் கண்ணு முழிச்சு, எம் மூஞ்சியப் பாத்து, யாரு நீன்னு கேப்ப. பரவாயில்லையா?"

பாவாயி கொஞ்சம் யோசித்தாள். "கேட்டா, நீங்க சொல்லுங்க," என்றாள். "பேருதான போவும். ஆளு இங்கதான இருப்பீங்க?"

பூங்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு ஒருவராக இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையில் மனம் நிறைந்து எழுந்து போயிருப்பார். நாச்சிமுத்துவால் முடியவில்லை. ஆளையும் அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? பேர் மட்டும்தான் போகும் என்பதற்கு யார் ஜாமீன்? கூடவே இன்னொன்றும் உள்ளே குறுகுறுத்தது. அதை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. குக்கர் இருக்கிற இடத்தில் அவரும் இருக்க வேண்டும்.

"சொன்னாத்தான் ஆப்ரேசனே பண்ணுவாங்களாம்," என்றார். "இல்லீன்னா கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க."

பூங்கொடி சட்டென்று திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

பாவாயி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து முந்தானை நுனியை முறுக்கினாள். "அப்படியுங்களா," என்றாள். "அப்ப சொல்றனுங்க."

நாலு மணிக்கு நாச்சிமுத்துவும் டாக்டரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்; பூங்கொடி வெளியே நடைபாதையில் இருந்தாள். அந்தப் பக்கம் குகைக்குள் பாவாயியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மேசைமேல் அவள் மூளை இருட்டாகச் சுற்றியது. மெஷினின் பெண் குரல் கேட்டது: இவர் பெயர் என்ன?

பாதத்தின் பெருவிரல்கள் ஒன்றோடொன்று உரசின. நேரம் போனது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ஒலிபெருக்கியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல:

"நாச்சிமுத்து."

எரிந்தது. அந்த இருட்டின் நட்டநடுவில். கடுகளவு இல்லை, குன்றிமணி அளவுக்கு, செக்கச்செவேலென்று. டாக்டர் வாயில் கைவைத்துக்கொண்டார். நாச்சிமுத்து மேசைக்குக் கிட்டே போனார். ஊரெல்லாம் கூப்பிட்ட பேர்தான். முதலாளி கூப்பிட்டார், லோடுமேன் கூப்பிட்டான், போலீஸ்காரன்கூடக் கூப்பிட்டான். அது இப்படி ஒரு பேர் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"இன்னொருக்கா கேக்கச் சொல்லுங்க," என்றார்.

"தேவையில்லை சார். கிடைச்சிடுச்சு."

"இன்னொருக்கா கேக்கச் சொல்லுங்கம்மா."

கேட்கவில்லை. பாவாயியை வெளியே எடுத்தார்கள். சக்கரக் கட்டிலில் போகும்போது அவள் அவர் இடுப்பைத்தான் பார்த்தாள், நேராக நிற்கிறாரா என்று.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் அவரை மட்டும் கூப்பிட்டார். ஒளி மூளைக்குள் இப்போது இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று நேராக. இன்னொன்று வளைந்து.

"நேர் வழியில போனா உங்க பேர் இருக்கிற அந்தச் சிவப்புப் புள்ளி போயிடும். நிச்சயமாப் போயிடும். ஆனா அது பேர் மட்டும்தான் சார். உங்க முகம், உங்க குரல், உங்களோட வாழ்ந்தது எல்லாம் வேற வேற இடத்துல பத்திரமா இருக்கு. உங்களை யாருன்னு தெரியாமப் போகாது. கூப்பிட வராது, அவ்வளவுதான். இத்தனை வருஷமா அவங்க கூப்பிடவும் இல்லையே."

"அந்த வழி?"

"சுத்திப் போகலாம். உங்க பேர் தப்பிச்சிடும். ஆனா மத்த எல்லாப் பேரும் இருக்கிற இடத்தை உரசிக்கிட்டுப் போகணும். அஞ்சு பேருக்குப் பண்ணினா ஒருத்தருக்குப் பேச்சு அடி வாங்கும். நான் நேர் வழியைத்தான் சொல்லுவேன். ஆனா முடிவு என்னுது இல்ல. அம்மா, எதுன்னாலும் உங்களையே கேட்டுக்கச் சொல்லிட்டாங்க. இருந்தாலும் அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அவங்க தலை."

நாச்சிமுத்து போனார். பாவாயி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மகளிடம், செவலைக்கு மூக்கணாங்கயிறு போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவருகில் நின்று கேட்டார். நன்றாகத்தான் பேசுகிறாள். இடையிடையே ஒரு சொல் தடுக்குகிறது. கையை ஆட்டி இட்டு நிரப்பிக்கொள்கிறாள். அஞ்சில் நாலு நல்லதுதானே? அவர் போட்ட போரில் அஞ்சுக்கு மூன்று தண்ணி வந்தாலே ஊர் மாலை போட்டது. இந்தப் படத்தை நம்பாதே என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த மனசு, இப்போது தனக்குத் தோதான பக்கத்தை மட்டும் நம்பியது.

கேட்டால் என்ன சொல்வாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

திரும்பி வந்து, "கேட்டேனுங்க," என்றார். "சுத்திப் போற வழியிலயே போவச் சொல்றா."

டாக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆப்ரேஷன் ஆறு மணி நேரம். கட்டி வேரோடு வந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் பகலில் பாவாயி கண்ணைத் திறந்தாள். கண் தெளிவாக இருந்தது. முதலில் அவரைத்தான் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது. நாச்சிமுத்துவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் யாரு சொல்லு?"

பாவாயி சிரித்தாள். வாயைத் திறந்தாள். "நாச்சிமுத்து."

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அவள் அம்மாவுக்கு வரவில்லை. தலையைக் குலுக்கிக்கொண்டு மறுபடியும் முயன்றாள். "நாச்சிமுத்து. நாச்சி... நாச்சிமுத்து." தண்ணீர் ஜாடியைக் காட்டினாள், அதற்கும் அதே பேர்தான் வந்தது. ஜன்னல், நர்ஸ், தலையில் வலிக்கிற இடம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேர். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. கண்கள் விரிந்தன. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். பொத்தியபடியே அவர் இடுப்பைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் பேசவே இல்லை. மற்றவர்கள் சொல்வதெல்லாம் விளங்கியது. படு என்றால் படுத்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. தாகம் எடுத்தால் உதட்டை நக்கிக்கொண்டு கிடந்தாள். நாச்சிமுத்து குனிந்து கெஞ்சினார்.

"சொல்லு புள்ள. பத்து தடவ சொன்னீயே, எனக்கு என்னாச்சு? கல்லாட்டம் நிக்கறேன் பாரு. சொல்லு. தண்ணியா, வலியா, என்ன வேணும்?"

அவள் தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை. அவர் ஆயுசைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறவள் போல விரல்கள் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தாள். இரவும் பகலும் அந்தக் கை அங்கேயே இருந்தது. தூக்கத்தில் நழுவினால் திடுக்கிட்டு விழித்து மறுபடி பொத்தினாள்.

ஐந்தாம் நாள் டாக்டர் மெர்லின் வந்தார். கட்டிலருகில் நின்று, சில பேருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மிஞ்சுவது உண்டு என்றார். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் வரலாம்; எவ்வளவு என்று சொல்ல முடியாது.

பூங்கொடி வெடித்தாள். "வழியில ஒண்ணுமே இல்ல, காலி எடம்னு நீங்கதான காட்டுனீங்க? காலி எடத்துல போனா எப்படிங்க எங்கம்மா பேச்சு போவும்?"

"அந்த வழியில நாங்க போகலையேம்மா." டாக்டர் குழம்பிப் போனார். "சுத்து வழியிலதானே போனோம். அஞ்சுல ஒண்ணு இப்படி ஆகலாம்னு சொன்னேன். நேர் வழியில போனா அப்பா பேர் ஒண்ணுதான் போயிருக்கும். அதையும் சொன்னேன்." நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். "அம்மாவைக் கேட்டுட்டுத்தானே சார் வந்து சொன்னீங்க?"

பூங்கொடி அப்பாவைப் பார்த்தாள். குகைக்குள் போகும்முன் அம்மாவிடம் அவர் சொன்னதையும் இப்போது கேட்டதையும் அவள் சேர்த்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவாயி பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்துவிட்டார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள், ரொம்ப நேரம், அந்தப் பேரைத் தேடுகிறவள் மாதிரி. அப்புறம் அவரைப் பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாக, வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"நாச்சிமுத்து," என்றாள்.

தண்ணிக்குச் சொன்னது போல இல்லை. குகைக்குள்ளிருந்து சொன்னது போலவும் இல்லை. அது என்ன என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கம்பியை விட்டுவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருக்கவில்லை. ஜாடியைக் காட்டி, எந்தத் தயக்கமும் இல்லாமல், நர்ஸைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில் மறுபடியும் அவர் பேரைச் சொன்னாள்.

பூங்கொடி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து பாவாயி வாயைப் பொத்தவே இல்லை; அவர் இடுப்பைப் பார்க்கவும் இல்லை.